பட்டத்தோடு சேரும் பத்திரங்கள்

கல்லூரி விட்டதும் நேரே வீடு திரும்பாமல், கடைத்தெருவில் ஏதேனும் ஒரு மாடியறையில் நடந்துவந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், தனக்கென்று ஒதுக்கப்பட்ட மிஷினுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விரல்களைப் பழக்கிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு சேர்வது, தமிழ்நாட்டில் பல தலைமுறை மாணவ மாணவியருக்கு நித்திய நியமமாக இருந்த காரியம். பி.ஏ.யோ பி.காமோ எதைப் படித்தாலும், “லோயர் முடிச்சாச்சா, ஹையர் எப்ப எழுதப்போறே?” என்று உறவினர்கள் விசாரிப்பார்கள். பட்டம் ‘படித்தவன்’ என்ற கௌரவத்தைத் தரும், அந்த இன்னொரு பத்திரமோ ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கத் தெரிந்தவன் என்பதற்குச் சாட்சி சொல்லும் என்பதைச் சாதாரணக் குடும்பங்கள்கூட நன்கு உணர்ந்திருந்தன. சர்வகலாசாலைப் பட்டத்தோடு வேறு யோக்கியதாபத்திரங்களையும் சம்பாதித்துக்கொள்ளும் வழக்கம் இணையம் வந்த பிறகு உண்டான புதுமையன்று. நம்மவர்க்கு அது பழகிய பாதைதான். பாதை இன்று அகன்றிருக்கிறது, கிளைகள் பெருகியிருக்கின்றன, எந்தக் கிளை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது மட்டும் பல பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் விளங்காமல் இருக்கிறது.

அந்தப் பழைய டைப்ரைட்டிங் பரீட்சையின் அமைப்பைச் சற்று நிதானித்துப் பார்த்தால், இன்றைய பத்திரங்களை மதிப்பிடுவதற்கு வேண்டிய அளவுகோல் அதிலேயே கிடைத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். சொல்லிக்கொடுப்பவர் தனியார், பரீட்சை நடத்திப் பத்திரம் வழங்குவது அரசாங்கத்தின் தொழில்நுட்பக் கல்வித் துறை. இளநிலையான லோயருக்கு நிமிஷத்திற்கு 30 வார்த்தை, முதுநிலையான ஹையருக்கு 45 வார்த்தை என்பது கணக்கு. பத்து நிமிஷ வேகத் தாளில் முன்னதற்கு 1,500 தட்டல்களும் பின்னதற்கு 2,250 தட்டல்களும் விழவேண்டும். சுருக்கெழுத்திலோ இளநிலைக்கு 80 வார்த்தை, இடைநிலைக்கு 100, முதுநிலைக்கு 120. இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர் எவ்வளவு தாராள மனசுக்காரராக இருந்தாலும், தம்மிடம் சம்பளம் கட்டிப் படித்த பிள்ளைக்காக அந்தக் கணக்கில் ஒரு வார்த்தையைக்கூடக் குறைத்துக் கொடுக்க முடியாது. கற்பிக்கிறவர் ஒருவர், அளக்கிறவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாட்டினால்தான், பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும், அதை நீட்டுகிற மனிதரின் விரல்களுக்கு என்ன தெரியும் என்பது சந்தேகமின்றித் தெரிந்துவிடுகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணியிடங்களுக்கு இன்றளவும் அந்தப் பத்திரம் கேட்கப்படுவதும், தமிழ் ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்கு முன்னுரிமை தரப்படுவதும் இதன் விளைவே.

இதே முறையை மொழிக் கல்வியிலும் நம் முன்னோர் கையாண்டிருக்கிறார்கள். பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம், பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகப் பரீட்சைகளை வகுத்து, தமிழறிவுக்கு ஒரு பொது அளவையை ஏற்படுத்தியது. 1918இல் காந்தியடிகளின் முயற்சியால் தொடங்கி வளர்ந்த தட்சிண பாரத இந்தி பிரசார சபையோ, பிராத்மிக்கில் தொடங்கி பிரவீண் வரை ஏணிப்படிகளாகப் பரீட்சைகளை அமைத்தது. தெருவிலுள்ள இந்தி டீச்சர் தம் வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ பாடம் சொல்லுவார், பரீட்சையைச் சபை நடத்தும். இங்கும் கற்பிப்பதும் அளப்பதும் வெவ்வேறு கைகளில் இருந்தன.

இப்படிப்பட்ட சிறு படிப்பொன்று பெருந்துறையாக வளர்ந்ததும் உண்டு. கணித ஆசிரியராக இருந்த சீர்காழி ரங்கநாதன் 1924இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக நியமனம் பெற்று, லண்டனுக்குச் சென்று நூலகக் கலையைக் கற்றுத் திரும்பிய கதை படித்தவர்கள் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் திரும்பி வந்தபின் செய்த ஒரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் ஆதரவில், அதற்கு மறு வருஷமே நூலகப் பயிற்சி வகுப்பொன்று தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அதைப் பெரிய படிப்பென்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இரண்டே வருஷங்களில், 1931இல், சர்வகலாசாலை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பின்னர் அது பட்டதாரிகளுக்கான டிப்ளமோவாக உயர்ந்தது. இன்று நூலக அறிவியல் என்பது முனைவர் பட்டம் வரை விரிந்துள்ள தனித்துறை. உபரிப் படிப்பு என்று ஒருவர் ஒதுக்கிவிடுகிற சிறு வகுப்பு, இன்னொருவருடைய வாழ்நாள் வித்தையாகவும், காலப்போக்கில் ஒரு சாஸ்திரமாகவுமே ஆகிவிடக்கூடும் என்பதனால், பத்திரப் படிப்புகளை அலட்சியமாகப் பேசுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை.

மூன்று வருஷமோ நான்கு வருஷமோ படித்துப் பெறும் பட்டம் ஒரு துறையின் மூலதத்துவங்களைக் கற்பிக்கிறது. அது அதன் தர்மம், அதில் குறைகாண நியாயமில்லை. ஆனால் சர்வகலாசாலைகளின் பாடத்திட்டம் சில வருஷங்களுக்கு ஒரு முறைதான் திருத்தப்படுகிறது. வெளியுலகத் தொழில்களோ அதற்குள் பலமுறை உருமாறிவிடுகின்றன. மேலும், ஒரே வருஷத்தில் ஒரே பட்டத்தோடு பல்லாயிரவர் வெளிவருகிற நாட்டில், இன்னார் இன்ன காரியத்தில் தேர்ந்தவர் என்று பட்டத்தை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்வது வேலை கொடுக்கிறவருக்குச் சாத்தியமாக இல்லை. தாவரவியல் படிக்கும் பெண் புள்ளிவிவரக் கணக்கையும், சரித்திரம் படிக்கும் பையன் கல்வெட்டு வாசிப்பையும், ஆங்கில இலக்கியம் படிப்பவர் ஜெர்மன் மொழியையும் கூடக் கற்று வைத்திருந்தால், அவர்களுடைய பட்டத்திற்கே புதியதொரு அர்த்தம் ஏற்பட்டுவிடுகிறது. இரண்டு படிப்புகள் ஒன்றையொன்று தழுவும் இடத்தில்தான் அபூர்வமான திறமைகள் பிறக்கின்றன.

இந்தக் காலத்து மாணவருக்குக் கிடைத்திருக்கும் வசதிகளில் தலையாயது, சென்னை, பம்பாய், டெல்லி, கான்பூர், கரக்பூர், குவாஹாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற ஏற்பாடு என்பேன். அந்த வகுப்பறைகளுக்குள் நுழைவதற்கு நாடெங்கும் லட்சக்கணக்கான பிள்ளைகள் போட்டியிட்டு மிகச் சிலரே இடம் பெறுகையில், அதே ஆசிரியர்களின் விரிவுரைகளைக் காசின்றி யாரும் கேட்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது சாமானியமான செயல் அன்று. முதலில் விரிவுரைகள் மட்டுமே இருந்தன. 2014 முதல் பரீட்சையும் பத்திரமும் சேர்ந்தன. பாடங்கள் நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பகுக்கப்பட்டு, பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. வாராவாரம் விரிவுரைகளும், குறித்த தேதிக்குள் முடித்துக் கொடுக்கவேண்டிய பயிற்சிக் கேள்விகளும் வரும். பாடம் கேட்பதற்குப் பணம் இல்லை. பரீட்சை எழுத விரும்புகிறவர் மட்டும் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் சென்று, மேற்பார்வையாளர் முன்னிலையில் எழுதவேண்டும். வீட்டுப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் பரீட்சைக்கு 75. பயிற்சியில் பத்துக்கும் பரீட்சையில் முப்பதுக்கும் குறைந்தால் பத்திரம் கிடையாது. 60க்கு மேல் போனால் எலீட் என்றும், 75க்கு மேல் வெள்ளி என்றும், 90க்கு மேல் தங்கம் என்றும் தரம் குறிக்கப்படுகிறது.

இந்த விவரங்களை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்குக் கால் பங்கும், அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்து எழுதும் பரீட்சைக்கு முக்கால் பங்கும் என்று வைத்ததில்தான் அந்தப் பத்திரத்தின் மதிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. விடைகளை நண்பரிடமிருந்து வாங்கி அனுப்பி 25 மதிப்பெண்ணையும் தேடிக்கொள்கிறவர், பரீட்சை மண்டபத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்காரவேண்டியதுதான். பல கல்லூரிகளில் இதற்கென்று உள்ளூர்க் கிளை ஒன்று வைத்து, பொறுப்பாசிரியரும் நியமித்திருக்கிறார்கள். ஆங்கில உச்சரிப்புக்குப் பழகாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு உதவியாகச் சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் பெயர்த்துத் தரப்பட்டிருப்பது, இன்னும் பலருடைய கவனத்துக்கு வரவேண்டிய நன்மை.

இப்படிப் படித்ததைப் பட்டத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளவும் வழி பிறந்திருக்கிறது. 2017 ஜூலை மாதத்தில் மத்திய அரசு தொடங்கிவைத்த ஸ்வயம் என்ற பொது மேடையில் (என்.பி.டி.இ.எல். பாடங்களும் அதில் அடக்கம்) கிடைக்கும் பாடங்களை, ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை பட்டப்படிப்பின் மதிப்பலகுகளாக, அதாவது கிரெடிட்டுகளாக, ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் அனுமதித்தது. அதற்கு முன் அந்த உச்சவரம்பு 20 சதவீதமாக இருந்தது. பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு வழக்கமாக மூன்று மதிப்பலகு கணக்கிடுகிறார்கள். அதே வருஷத்தில் ஏற்படுத்திய மதிப்பலகு வங்கியில் மாணவர் தம் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, பல ஸ்தாபனங்களில் சம்பாதித்த மதிப்பலகுகளை ஏழு வருஷம் வரை சேமித்து வைக்கலாம். ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது, எதை மறுப்பது என்ற அதிகாரம் அவரவர் சர்வகலாசாலையிடமே இருக்கிறது. ஆகையால் பாடத்தில் சேருமுன்பே துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் வருஷ விதிமுறையில், தன் துறைக்கு வெளியே இன்னொரு துறையில் 18 மதிப்பலகுகள் கூடுதலாகப் படிக்கும் பொறியியல் மாணவரின் பட்டத்தில் அந்தத் துணைத்துறையும் குறிப்பிடப்படும் என்று வழிசெய்திருக்கிறார்கள்.

இதைக் காட்டிலும் பெரிய மாறுதல் 2022 ஏப்ரலில் நிகழ்ந்தது. ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் படிக்கக்கூடாது என்று நெடுங்காலம் இருந்துவந்த தடையை மானியக் குழு நீக்கியது. இரண்டும் நேரில் சென்று படிப்பவையானால் வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடாது. ஒன்று நேர்முகமாகவும் மற்றொன்று தொலைநிலையாகவோ இணையவழியாகவோ இருக்கலாம். இரண்டுமே தொலைநிலையாக இருப்பதற்கும் தடையில்லை. முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் இணையவழியில் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இத்தகைய மாணவர்களுக்குப் பெரும் வரப்பிரசாதமாக வாய்த்தது. அதில் அடிப்படை நிலை, டிப்ளமோ நிலை, பட்ட நிலை என்று படிகள் அமைந்திருப்பதால், இடையில் நிறுத்த நேர்ந்தவரும் அதுவரை தேறிய நிலைக்குரிய பத்திரத்தோடு வெளியேறலாம். பட்டம் வரை போகக்கூடியவர் போகலாம். இதிலும் பரீட்சை நேரில்தான்.

பாஷைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் உலகமெங்கும் ஒரே அளவையால் அறியப்படுகிற பத்திரங்கள் பாஷைப் பத்திரங்களே. ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள்; சென்னையிலுள்ள கோதே நிலையம் ஜெர்மன் பரீட்சைகளை இந்த அளவைப்படியே நடத்துகிறது. நர்ஸிங் படிக்கும் நம் பெண்கள் ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை தேவைப்படுகிறது. படிப்பு முடிந்த பிறகு தொடங்கினால் ஒரு வருஷத்துக்கு மேல் வருமானமின்றிக் காத்திருக்க நேரும், கல்லூரியில் இருக்கும்போதே மாலை வேளைகளில் தொடங்கிவிட்டால் அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் மிச்சமாகும். ஜப்பானிய மொழிக்கு என்5 என்ற தொடக்க நிலையிலிருந்து என்1 என்ற உச்சநிலை வரை ஐந்து படிகள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் அந்தப் பரீட்சையைச் சென்னையிலேயே எழுதலாம். பாஷைப் படிப்பில் குறுக்குவழி கிடையாது. இரண்டு வருஷம் விடாமல் படித்தவரையும் இரண்டு மாதம் படித்தவரையும் பரீட்சகர் ஐந்தே நிமிஷப் பேச்சில் இனங்கண்டுகொள்வார்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ்க் கல்லூரிக்குள்ளேயே திறன் வகுப்புகள் நடக்கின்றன. கட்டணமின்றிக் கைக்கெட்டும் இடத்தில் கிடைக்கும் இதைக் கடமைக்காக மட்டும் முடித்துவிட்டுப் போகிற மாணவர்கள் பின்னால் வருந்துவார்கள். வணிகவியல் மாணவர்கள் கூடவே படிக்கும் சி.ஏ., சி.எம்.ஏ., கம்பெனி செக்ரட்டரி முதலியவை தனிச் சட்டங்களின்கீழ் அமைந்த முழுத்தொழில் படிப்புகள். அவற்றை உபரிப் பத்திரங்களோடு சேர்த்து எண்ணுவது தகாது.

நன்மைகளை இவ்வளவு சொல்லிவிட்டு, தீமையைச் சொல்லாமல் விடுவது வாசகருக்கு அநீதியாகும். 2020இல் கொரோனா ஊரடங்கில் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, பத்துக் கேள்விகளுக்குப் பதில் தட்டினால் அடுத்த நிமிஷம் மின்னஞ்சலில் வர்ணச் சான்றிதழ் வந்துசேரும் வினாடி வினாக்கள் வெள்ளமாகப் பெருகியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். தவறான விடை தந்தவருக்கும் பத்திரம் வந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். அரை நாள் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்ததற்கு, கலந்துகொண்டார் என்று ஒரு பத்திரம். இவற்றை அடுக்கடுக்காகச் சேர்த்து விண்ணப்பத்தில் எழுதுகிற மாணவர், நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்வியில் நிலைகுலைந்து போவதோடு, உண்மையாக உழைத்துப் பெற்ற நல்ல பத்திரத்தின் மதிப்பையும் சேர்த்தே இழக்கிறார். இன்னும் கொடியது, பணம் கொடுத்து ஏமாறுவது. பட்டம் வழங்கும் அதிகாரம் 1956ஆம் வருஷ மானியக் குழுச் சட்டத்தின்படி முறையாக அமைந்த சர்வகலாசாலைகளுக்கும் அதற்கென்று அதிகாரமளிக்கப்பட்ட ஸ்தாபனங்களுக்கும் மட்டுமே உண்டு. போலிச் சர்வகலாசாலைகளின் பட்டியலை மானியக் குழு அவ்வப்போது வெளியிடுகிறது. தொலைநிலையிலும் இணையவழியிலும் எந்த ஸ்தாபனம் எந்தப் படிப்பை நடத்த அங்கீகாரம் பெற்றது என்பதும் அதன் இணையதளத்தில் இருக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துவதற்கு முன்னால், அந்தப் பட்டியலை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று பெற்றோர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே எந்தப் பத்திரம் நம் முன்னால் வந்தாலும், அளந்தவர் யார் என்று முதலில் கேட்கவேண்டும். பாடம் விற்றவரே பரீட்சையும் வைத்து, பணம் கட்டியவர் அனைவரும் தேறிவிடுகிற இடமானால், அதில் அறிவு கிடைத்தாலும் கிடைக்கலாம், சாட்சியம் கிடைக்காது. அறிவுக்காக மட்டும் படிப்பது உத்தமமான காரியம், அதற்குப் பத்திரமே வேண்டியதில்லை. சாட்சியத்திற்காகப் பணம் கொடுப்பதென்றால் அந்தச் சாட்சி நம்பத்தக்கதாக இருக்கவேண்டும். தோல்வியடைய வாய்ப்புள்ள பரீட்சையில் பெற்ற வெற்றியைத்தான் உலகம் மதிக்கிறது.

எத்தனை பத்திரங்கள் போதும் என்று கேட்பவர்களுக்கு என் பதில், பட்டப்படிப்பு முழுவதற்கும் இரண்டோ மூன்றோ போதும் என்பதே. முதல் வருஷம் கல்லூரிக்கும், புதிய ஊருக்கும், பலருக்கு ஆங்கில வகுப்புக்கும் பழகுவதிலேயே கழிந்துவிடும். கடைசி வருஷமோ புராஜெக்ட், நேர்முகம், மேற்படிப்பு விண்ணப்பம் என்று பறக்கும். இடைப்பட்ட காலமே இதற்கு உகந்தது. அதிலும், அரியர் வைத்திருக்கும் மாணவர் முதலில் அதைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த படிப்பைப் பற்றி யோசிக்கவேண்டும்; மூலப் பட்டமே தடைப்பட்டு நிற்கையில் துணைப் பத்திரங்கள் யாருக்கும் கைகொடுத்ததில்லை. ஒரு பாடம் முடியுமுன் இன்னொன்றில் சேர்ந்து, இரண்டையும் பாதியில் விடுகிற பழக்கம், பணத்தைக் காட்டிலும் மனத்திடத்தை அதிகமாகக் கரைத்துவிடும்.

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளை எண்ணும்போது எனக்குக் கவலையும் நம்பிக்கையும் ஒருங்கே உண்டாகின்றன. அவர்களுக்கு வழிசொல்ல வீட்டில் ஆளில்லை. பகுதி நேர வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரமும் சொந்தமில்லை. பரீட்சைக் கட்டணம் நகரத்துக் குடும்பத்துக்குச் சிறிய தொகை, கூலிக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று நாள் சம்பளம். திறமையிலோ அவர்கள் யாருக்கும் தாழ்ந்தவர்கள் அல்லர். எனவே கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான்: ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் அறிவிக்கப்படும் வாரத்தில், உங்கள் துறை மாணவருக்குப் பிரயோஜனமாகக்கூடிய நான்கைந்து பாடங்களை நீங்களே தேர்ந்து, தமிழில் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், நூலகக் கணினிகளை மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வையுங்கள், கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்குப் பழைய மாணவர் சங்கத்தின் நிதியிலிருந்து அதைக் கட்டிக் கொடுங்கள்.